கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவது ஏன்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறிவிட்டது. பத்து ஆண்டுகளாக அடி இறங்கி அவதிப்பட்ட அந்த அம்மாள், "அப்பாடா, இனி நிம்மதி" என்று வீடு வந்து சேர்ந்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை மருமகள் அடுப்பில் மிளகாய் வறுத்தாள். நெடி ஏறியது. அந்த அம்மாளுக்குத் தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல்தான். சேலை நனைந்துவிட்டது!

அவர் திடுக்கிட்டார். கர்ப்பப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில்கூட அவருக்கு இப்படி நேர்ந்தது இல்லை. அப்போது சிறுநீர் சரியாக வராமல்தான் கஷ்டப்பட்டார். இப்போதோ இருமினால் கசிகிறது. சிரித்தால் கசிகிறது. குடத்தைத் தூக்கினால் கசிகிறது.

மகளிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்லக் கூச்சம். கணவரிடம் எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். பஸ்சில் ஏறப் பயந்தார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். "ஆபரேஷனில் டாக்டர் ஏதோ தவறு செய்துவிட்டார்" என்று மனதுக்குள் குமுறினார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடக்கும் கதை. டாக்டர் தவறு செய்யாமலே இது நடக்கும். ஆபரேஷன் தோற்றதால் வந்த தொல்லை அல்ல இது. ஆபரேஷன் ஜெயித்ததால் வந்த தொல்லை!

அது எப்படி?

கயிற்றுக் கட்டில்

கயிற்றுக் கட்டிலைப் பார்த்திருக்கிறீர்கள். நான்கு பக்கமும் சட்டம். நடுவே கயிற்றுப் பின்னல். படுப்பவரைத் தாங்குவது அந்தப் பின்னல்தான்.

பெண்ணின் இடுப்பும் அப்படித்தான். சுற்றிலும் எலும்பு. அடியில் தசைகளும் நார்களும் பின்னிக் கிடக்கின்றன. முன்னால் நீர்ப்பை, நடுவே கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். மூன்றையும் தாங்குவது இந்தப் பின்னல். மூன்று வாசல்களும் இதன் வழியாகத்தான் போகின்றன.

பிள்ளை பிறக்கும்போது இந்தப் பின்னல் வெகுவாக இழுபடுகிறது. ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று பெறப் பெற அது தளர்கிறது. பிரசவ வலி நெடுநேரம் நீடித்தாலும், பெரிய குழந்தை பிறந்தாலும், ஆயுதம் போட்டு எடுத்தாலும் தளர்ச்சி அதிகம். பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே விறகுச் சுமையும் நெல் மூட்டையும் தூக்கியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தீராத இருமல், ஓயாத மலச்சிக்கல், உடல் பருமன் ஆகியவையும் பின்னலை அழுத்துகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு நார்கள் மேலும் மெலிகின்றன.

பின்னல் தளர்ந்தால் மேலே இருப்பது தொங்கும். கர்ப்பப்பை கீழே இறங்கும். சிலருக்கு நீர்ப்பை முன்பக்கமாகப் பிதுங்கும். சிலருக்கு மலக்குடல் பின்பக்கமாகப் பிதுங்கும். உட்காரும்போது ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது என்பார்கள். இடுப்பு கனக்கும். சிறுநீர் முழுவதும் பிரியாது. விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு சிறுநீர் கழிப்பவர்களும் உண்டு.

இதற்கு வைத்தியம் பல. தொல்லை கொடுக்காத சிறிய இறக்கத்துக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கச் செய்வது ஒரு முறை. ஆபரேஷன் மற்றொன்று. பெரும்பாலும் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த சுவர்களை இழுத்துத் தைப்பார்கள். இனிமேல்தான் பிள்ளை பெறவேண்டும் என்ற இளம் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்க முடியுமா? முடியாது. அதைத் தூக்கிக் கட்டுவதற்கு வழி கண்டவர்களில் பம்பாய் டாக்டர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் முக்கியமானவர்கள். அவர்கள் பெயர்களாலேயே அந்த ஆபரேஷன்கள் வழங்குகின்றன.

மடங்கிய குழாய்

இனி, தும்மலுக்கு வருவோம்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நடுவில் மடங்கிவிட்டது. தண்ணீர் வராது. குழாயின் மூடி நல்ல மூடியா, தேய்ந்த மூடியா என்று அப்போது தெரியாது. மடிப்பை நிமிர்த்துங்கள். மூடி தேய்ந்திருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

நீர்ப்பை கீழே தொங்கும்போது சிறுநீர்க் குழாய் இப்படித்தான் மடங்கிப் போகிறது. பிதுங்கிய சதை குழாயை அழுத்தியும் கொள்கிறது. அதனால்தான் சிறுநீர் சிரமப்பட்டு வருகிறது. சிறுநீரை அடக்கி வைக்கும் தசை பலவீனமாக இருந்தாலும் அது வெளியே தெரிவதில்லை. மடிப்பே மூடியாக வேலை செய்கிறது!

டாக்டர் ஆபரேஷன் செய்கிறார். இறங்கியதைத் தூக்கி வைக்கிறார். குழாய் நிமிர்கிறது. மறைந்து கிடந்த பலவீனம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. இருமும்போதும் தும்மும்போதும் வயிறு நீர்ப்பையை அழுத்துகிறது. தசை தாங்கவில்லை. கசிகிறது.

ஆகவே, அந்த அம்மாளுக்கு ஆபரேஷன் புதிய நோயைக் கொடுக்கவில்லை. பழைய நோய் ஒன்று ஒளிந்திருந்தது. அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

தேடிப் பார்த்திருக்க முடியுமா? முடியும். அதற்குப் பெரிய எந்திரம்கூட வேண்டாம்.

இருமல் பரிசோதனை

ஆபரேஷனுக்கு முன்பு செய்யும் பரிசோதனை இது. நீர்ப்பை நிறைந்திருக்கும்போது, இறங்கியிருப்பதை டாக்டர் மெதுவாக மேலே தள்ளிப் பிடித்துக்கொள்வார். அல்லது வளையம் ஒன்றைப் பொருத்துவார். அதாவது, ஆபரேஷன் முடிந்த பிறகு உறுப்புகள் எப்படி இருக்குமோ, அப்படிச் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பது. பிறகு, "நன்றாக இருமுங்கள் அம்மா" என்பார்.

கசிந்தால், ஒளிந்திருந்த பலவீனம் அகப்பட்டுக்கொண்டது. இப்படிக் கசிகிறவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் கசிவதற்கு வாய்ப்பு அதிகம். கசியாவிட்டால் வாய்ப்பு குறைவு. ஆனால் பயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இது ஜோசியம் அல்ல, ஒரு கணக்கு.

இந்தப் பரிசோதனையில் பல பெண்கள் வெட்கத்தால் இருமலை அடக்கிக்கொள்கிறார்கள். டாக்டருக்கு முன்னால் கசிந்துவிடுமே என்று முன்கூட்டியே போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வருகிறார்கள். பிறகு பரிசோதனைக்கு என்ன பலன்? கசிகிறதா என்று பார்ப்பதற்குத்தானே கூப்பிட்டார்கள்?

முந்நூற்று முப்பத்தேழு பெண்கள்

பலவீனம் அகப்பட்டுவிட்டது. அடுத்தது என்ன? இறக்கத்தைச் சரி செய்யும் அதே ஆபரேஷனிலேயே கசிவுக்கும் சேர்த்துத் தடுப்பு வைத்துவிடலாமா? டாக்டர்கள் நெடுநாள் விவாதம் செய்த கேள்வி இது.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று. இறக்கம் இருந்தும் கசிவு இல்லாத 322 பெண்களுக்கு வயிற்றைத் திறந்து, இறங்கியதைத் தூக்கிக் கட்டினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் கூடுதலாகச் சில தையல்கள். நீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தூக்கிப் பிடிக்கும் தையல் அது. ஜான் பர்ச் என்ற அமெரிக்க டாக்டர் 1961-ம் ஆண்டு எழுதிய முறை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள். கூடுதல் தையல் போடாதவர்களில் 100-க்கு 44 பேருக்குக் கசிவு. போட்டவர்களில் 100-க்கு 24 பேருக்குத்தான். வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால், மேற்கொண்டு பெண்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆராய்ச்சி இன்னும் சுவாரசியமானது. 2012-ம் ஆண்டு வெளிவந்தது. இதில் 337 பெண்கள். இவர்களுக்குக் கீழ்வழியாக ஆபரேஷன். பாதிப்பேருக்குச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு நாடா வைத்தார்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வலை நாடா. தொட்டிலைத் தாங்கும் துணி மாதிரி அது குழாயைத் தாங்கும். தும்மும்போது குழாய் அதன்மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். சுவீடன் நாட்டு டாக்டர் உல்ம்ஸ்டன் 1996-ம் ஆண்டு உலகுக்குச் சொன்ன முறை இது.

மற்றப் பாதிப்பேருக்கு நாடா இல்லை. ஆனால் நாடா வைத்தது போல அடிவயிற்றில் தோலில் மட்டும் இரண்டு சிறிய பொய்க் கீறல்கள் போட்டார்கள்! ஏன்? "எனக்கு நாடா இருக்கிறது" என்று தெரிந்தால் மனசு ஒரு மாதிரி பேசும். "இல்லை" என்று தெரிந்தால் வேறு மாதிரி பேசும். இரண்டும் தெரியாமல் இருந்தால்தான் உண்மை வரும். அந்தப் பெண்கள் இதற்குச் சம்மதித்தே கீறலை ஏற்றுக்கொண்டார்கள். பிற்காலத்துத் தாய்மார்களுக்காக ஒரு பொய்த் தழும்பைச் சுமந்த அவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

மூன்று மாதத்தில் முடிவு தெரிந்தது. நாடா இல்லாதவர்களில் 100-க்கு 49 பேருக்குக் கசிவு, அல்லது கசிவுக்கு வைத்தியம். நாடா வைத்தவர்களில் 24 பேருக்கு. ஓராண்டு கழித்து முறையே 43 பேர், 27 பேர். முன்பே இருமல் பரிசோதனையில் கசிந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்: மூன்று மாதத்தில் நாடா இல்லாதவர்களில் 100-க்கு 72 பேர், நாடா வைத்தவர்களில் 30 பேர்.

அப்படியானால் எல்லோருக்கும் நாடாவா?

அவசரப்படக் கூடாது. நாடாவுக்கும் ஒரு விலை உண்டு. பணத்தைச் சொல்லவில்லை.

அதே 2012 ஆராய்ச்சியில், நாடா வைக்கும்போது 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு நீர்ப்பையில் ஊசி துளைத்துவிட்டது. உடனே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியதுதான். ஆனாலும் துளை துளைதான். சிறுநீரில் கிருமி தொற்றியவர்கள் நாடாப் பிரிவில் 100-க்கு 31 பேர். மற்றப் பிரிவில் 18 பேர். நாடா வைத்தவர்களில் 100-க்கு 3 பேருக்கு அதிக ரத்தப் போக்கு. ஏறக்குறைய 4 பேருக்கு ஆறு வாரம் கழித்தும் சிறுநீர் முழுவதும் பிரியவில்லை. மற்றப் பிரிவில் இந்த மூன்று தொல்லைகளும், அதாவது துளையும் ரத்தப் போக்கும் சிறுநீர்த் தேக்கமும், ஒருவருக்கும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பெண்ணைக் கசிவிலிருந்து காப்பாற்ற, ஏறக்குறைய ஆறு பெண்களுக்கு நாடா வைக்கவேண்டியிருந்தது. மற்ற ஐந்து பேர்? சிலருக்கு நாடா இல்லாமலே கசிந்திருக்காது. சிலருக்கு நாடா இருந்தும் கசிந்தது.

அதனால் வழி இரண்டு. ஒன்று, இப்போதே சேர்த்துச் செய்துகொள்வது. மற்றொன்று, முதலில் இறக்கத்தை மட்டும் சரி செய்துகொண்டு, கசிவு வந்தால், அதுவும் தொல்லையாக இருந்தால், பிறகு நாடா வைத்துக்கொள்வது. இரண்டும் சரியான வழிதான். இருமல் பரிசோதனையில் கசிந்த பெண் முதல் வழியை நாடுவது நியாயம். கசியாத பெண் காத்திருந்து பார்ப்பதும் நியாயம். இன்னொரு முறை மயக்க மருந்து வாங்கிக்கொள்ள உடம்பு தாங்குமா, இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து தங்க வீட்டு நிலைமை இடம் கொடுக்குமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், வீட்டில் ஓய்வாக இருக்கும் பாட்டிக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

வலையைப் பற்றிய செய்திகளைக் கேட்டு மிரண்டவர்களும் இருக்கிறார்கள். இறக்கத்தைத் தாங்குவதற்காகப் பிறப்பு வழியில் பெரிய வலைத் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். அவை சிலருக்குத் தசையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தன. தீராத வலி தந்தன. 2019-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் வைக்கும் சிறிய நாடா அந்த உத்தரவில் அடங்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 2018-ம் ஆண்டு ஜூலையில் அந்த நாடாவையும் சேர்த்தே நிறுத்தி வைத்தார்கள். ஆகவே, "எனக்கு வைக்கப்போவது எது? பெரிய வலையா, சிறிய நாடாவா? நாடா இல்லாமல் தையலால் செய்ய முடியுமா?" என்று கேட்கப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படவேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தேகப் பயிற்சி

கத்தி இல்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ம் ஆண்டு அதைப் பற்றி எழுதினார். தளர்ந்த கயிற்றுக் கட்டிலை இறுக்குவது போல, அடித் தசையைத் தானே இறுக்கிப் பழகுவது.

வாயு வெளியேறாமல் அடக்குவது போல அடிப்பக்கத்தை மேல் நோக்கி இழுத்துப் பிடிக்கவேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையை நெருக்கக் கூடாது. முதலில் மூன்று எண்ணும்வரை பிடித்தால் போதும். பிறகு தளர்த்தி, அதே நேரம் ஓய்வு. நாளாக நாளாகப் பத்து எண்ணும்வரை உயர்த்தலாம். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம்; பஸ்சில் செய்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது நல்லதல்ல.

தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தவுடனே, அதற்கு முன்பாக அடித் தசையை இறுக்கிக்கொள்வது ஒரு தந்திரம். கைவந்துவிட்டால் பல நேரங்களில் சேலை தப்பும்.

சிறு கசிவுக்கு இந்தப் பயிற்சி நல்ல வைத்தியம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆபரேஷனோடு சேர்த்து இதைச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் நன்மை வருமா என்று அமெரிக்காவில் 374 பெண்களிடம் சோதித்தார்கள். அவர்கள் ஏற்கனவே கசிவு உள்ளவர்கள். 2014-ம் ஆண்டு முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சிறுநீர்த் தொல்லையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, "பயிற்சி செய்தேன், இனி கசியவே கசியாது" என்று நம்பிக்கொண்டு இருமல் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

உடல் பருமனைக் குறைப்பதில் சந்தேகமே இல்லை. கசிவும் பருமனும் உள்ள 338 பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி 2009-ம் ஆண்டு வந்தது. ஆறு மாதத்தில் தங்கள் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கைக் குறைத்தவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு இது ஐந்தரைக் கிலோதான்.

வீடு திரும்பிய பிறகு

தைத்த இடம் உறுதிப்பட நாளாகும். ஆறு வாரம் வரை குடம், வாளி, பேரக் குழந்தை எதையும் தூக்கக் கூடாது. பேரக் குழந்தையைத் தூக்காதே என்றால் எந்தப் பாட்டி கேட்பாள்? உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளலாம். கட்டிலிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து எழுவது நல்லது. முக்கி மலம் கழிக்கக் கூடாது. கீரை, பழம், காய்கறி சேர்த்துக்கொண்டு, போதாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேட்கவேண்டும்.

இருமல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே வைத்தியம் செய்துகொள்ளவேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே வறட்டு இருமலை உண்டாக்கும். பல மாதமாக இருமுகிறவர் தாம் சாப்பிடும் மாத்திரையை டாக்டரிடம் காட்டவேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. வேறு மாத்திரை இருக்கிறது.

தண்ணீரைக் குறைப்பது மிகப் பெரிய தவறு. சிறுநீர் கெட்டியாகி, எரிச்சல் உண்டாகி, அடிக்கடி ஓடவேண்டி வரும்.

கசிவு எல்லாம் ஒரே கசிவு அல்ல. இருமும்போதும் தும்மும்போதும் கசிவது ஒரு வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் கசிவது இன்னொரு வகை. அதற்கு மாத்திரையும் பழக்கமும் உண்டு. நாடா அதற்கு மருந்தல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு இரவும் பகலும் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், அது வேறு விஷயம். நீர்ப்பையில் துளை இருக்கலாம். அல்லது சிறுநீர் பிரியாமல் தேங்கி வழிந்துகொண்டிருக்கலாம். வயிறு முட்டியும் சிறுநீர் வராவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும், ரத்தம் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மிளகாய் நெடியில் தும்மிய அந்த அம்மாள் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த மகள்தான் கண்டுபிடித்தாள். கொடியில் ஒரே நாளில் ஐந்து சேலைகள் காய்ந்தன.

"என்னம்மா இது?" என்றாள்.

அம்மாள் அழுதுவிட்டார்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அம்மாள் பரிசோதித்தார். தூக்கிக் கட்டியது அப்படியே உறுதியாக இருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். "அப்போதும் தொல்லை இருந்தால் நாடா வைப்பதைப் பற்றிப் பேசுவோம்" என்றார். வெளியே வந்ததும் அந்த அம்மாள் எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு செம்புத் தண்ணீர் முழுவதும் குடித்தார்.